வான்கோவின் சாந்த் மாரி படகுகள்: நகல் எடுக்க உட்காரும் முன்

கேள்வி இதுதான்: வான்கோவின் ‘சாந்த் மாரி கடற்கரையில் மீன்பிடிப் படகுகள்’ ஓவியத்தை 16×20 அங்குலக் கான்வாஸில் ஆயில் பெயிண்டில் நகல் எடுக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் காலண்டர் படம் போல வருகிறது, கடல் சேறாகிவிடுகிறது, படகுகளின் கோடுகள் கலங்குகின்றன. என்ன பெயிண்ட், எவ்வளவு, எந்த வரிசையில்?

முதலில் படத்தையே கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘வண்ணமயமான கடற்கரை’ என்று எல்லோரும் சொல்லும் இந்தப் படத்தில், முழு வண்ணம் நிற்கும் இடம் கொஞ்சம்தான். மணல் வெளிறியது. வானம் வெளிறியது. கடலும் பெரும்பாலும் வெள்ளை கலந்த நிறம். சிவப்பும் நீலமும் பச்சையும் கெட்டியாக இருப்பது மணலில் ஏற்றி வைத்த படகுகளின் உடம்பில் மட்டும். நகல் எடுப்பவர்கள் படம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துவிட்டு வானத்துக்கும் அதே பளிச்சைக் கொடுக்கிறார்கள், மணலுக்கும் மஞ்சளை அள்ளி வைக்கிறார்கள். எல்லாமே கத்தினால் படகின் குரல் கேட்காது. காலண்டர் படம் பிறப்பது இங்கேதான். கீழே சொல்லும் கலவை, வரிசை எல்லாமே இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

அடுத்தது, படம் எப்படி உருவானது என்பது. பல இடங்களில் ‘கடற்கரையிலேயே அமர்ந்து தீட்டியது’ என்று எழுதியிருக்கும். தவறு. வான்கோ 1888 பிப்ரவரியில் பாரிஸை விட்டுத் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகருக்கு வந்தார். மே கடைசியில், காமார்க் சதுப்பு வெளியைக் குதிரை வண்டியில் கடந்து சாந்த் மாரி என்ற மீனவர் ஊருக்குப் போய்ச் சில நாள் தங்கினார். கையில் கொண்டுபோனது மூன்று கான்வாஸ். மூன்றையும் தீர்த்துவிட்டார்: இரண்டு கடல் காட்சிகள், ஒன்று ஊரின் தோற்றம். படகுகளுக்குக் கான்வாஸே மிஞ்சவில்லை. தவிர, அந்தப் படகுகள் விடியற்காலையிலேயே கடலுக்குள் போய்விடும். எனவே ஊருக்குத் திரும்பும் நாள் காலையில், படகுகள் கிளம்பும் முன் நாணல் பேனாவால் மையில் ஒரு கோட்டோவியம் போட்டுக்கொண்டார். ஆர்லுக்குத் திரும்பி, அதை வைத்துத்தான் ஜூனில் இந்த ஆயில் ஓவியத்தைச் செய்தார். கோட்டோவியத்தில் இருப்பதைவிட வலது பக்கத்தில் கடலும் வானமும் கூடுதலாக வைப்பதாகத் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். இதே காட்சிக்கு ஒரு நீர்வண்ண ஓவியமும் உண்டு, ரஷ்யாவின் எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயிண்டுக்குள் மணல் துகள் சிக்கியிருப்பதாகச் சொல்லப்படுவது வேறு படம். அதே பயணத்தில் கரையில் நின்று தீட்டிய கடல் காட்சி அது; படகு ஓவியத்தைப் போலவே ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது கீழ் மூலையில் பெரிய சிவப்புக் கையெழுத்து உள்ள படம் என்றால் சட்டென்று நினைவுக்கு வரும். பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கையெழுத்துப் போட்டதாக அவரே சொன்னார். இரண்டு படங்களையும் போட்டுக் குழப்பாதீர்கள். கடல் காட்சி காற்றும் ஈரமுமாக வேகத்தில் போட்டது. படகு ஓவியமோ அறைக்குள், முன்பே முடிவுசெய்த கோட்டின் மேல் நிதானமாக நிறம் வைத்தது. முதல் படத்தின் வேகத்தை இரண்டாவதில் கொண்டுவரப் பார்ப்பதால்தான் பாதி நகல்கள் கலங்கிப்போகின்றன.

இதைப் ‘பின் இம்ப்ரெஷனிசம்’ என்று வகைப்படுத்துவதற்கும் காரணம் இதுதான். அந்தப் பெயர் வான்கோவுக்குத் தெரியாது. 1910இல் லண்டன் கிராஃப்டன் காலரியில் கலை விமர்சகர் ராஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சிக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியரான மோனே பிரான்ஸின் எத்ரெத்தா கடற்கரையில் படகுகளைத் தீட்டியபோது அந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தார். படகின் ஓரம் காற்றில் கரைந்தாலும் அவருக்குச் சம்மதம். வான்கோவின் படகுக்கு ஓரம் உண்டு, அழுத்தமான கோடு உண்டு, கோட்டுக்குள் தட்டையான நிறம் உண்டு. ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களை அவர் சேகரித்து வைத்திருந்தார். அவற்றில் கோடு முதலில், நிறம் அதற்குள். ஒளி-நிழலைக் கொண்டு உருண்டை காட்டும் வேலை குறைவு. அதே ஆண்டுகளில் அவருடைய நண்பர் எமில் பெர்னாரும் அழுத்தமான கோட்டுக்குள் நிறத்தை அடைக்கும் முறையில் இறங்கியிருந்தார். சாந்த் மாரி படகுகளின் பச்சை, சிவப்பு, நீலத்தைப் பார்த்தால் பூக்கள் நினைவுக்கு வருகின்றன என்று பெர்னாருக்குத்தான் எழுதினார். படகுக் கோட்டோவியத்தை ஒரு மணி நேரத்தில், நூல் கட்டிய அளவுச் சட்டம் வைக்காமல் பேனாவைப் போன போக்கில் விட்டுப் போட்டேன் என்று தியோவிடம் பெருமையாகச் சொன்னதும் இந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

இனி வேலைக்கு வருவோம்.

மூலப்படம் 65 × 81.5 செ.மீ. உங்கள் 16×20 கான்வாஸ் இதற்குக் கச்சிதம். 20 அங்குல அகலத்துக்கு உயரம் 15.95 அங்குலம் வர வேண்டும். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. 18×24 வாங்கியிருந்தால் ஓரத்தில் வெட்டவோ நீட்டவோ வேண்டிவரும். இந்தப் படத்தில் வலது பக்க வெற்றிடத்தில் கை வைத்தால் மொத்த அமைப்பும் போய்விடும். அச்சுப் படத்தையும் கான்வாஸையும் நீளவாக்கில் ஐந்து, உயரவாக்கில் நான்கு கட்டமாகப் பிரியுங்கள். கான்வாஸில் ஒவ்வொரு கட்டமும் சரியாக 4 அங்குலம், மொத்தம் இருபது. வான்கோவும் முன்பெல்லாம் நூல் கட்டிய சட்டத்தின் வழியாகப் பார்த்து வரைந்தவர்தான், அதனால் கட்டம் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கான்வாஸ் மூலத்தின் அகலத்தில் ஏறத்தாழ 62 சதவீதம். பலர் கவனிக்காத இடம் இது. மூலத்தில் 1 செ.மீ. அகலமுள்ள தூரிகை வீச்சு, உங்களுக்கு 6 மில்லிமீட்டராக வர வேண்டும். அரை அங்குலத் தூரிகையை வைத்துக்கொண்டு ‘வான்கோ மாதிரி’ வீசினால் நாலு வீச்சில் வானம் முடிந்துவிடும், வீச்சுகளின் தாளம் வராது. விறைப்பான பிரிசில் முடித் தூரிகையில் தட்டை 2, 4, 6 எண்கள், கோட்டுக்கு உருண்டை 1, 2 எண்கள் போதும். மென்மையான நைலான் தூரிகை இந்தத் தடிப்பான பெயிண்டைத் தள்ளாது, வழித்துக்கொண்டு போகும்.

ரெடிமேட் கான்வாஸின் பூச்சு மெல்லியதாக இருந்தால் எண்ணெயை உறிஞ்சி நிறத்தை மங்கவைக்கும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு கோட் கூடுதலாகக் கொடுங்கள், முதல் கோட் குறுக்காக, இரண்டாவது நெடுக்காக. 320 எண் உப்புத்தாளால் லேசாக ஒருமுறை தேய்த்தால் போதும். கண்ணாடி போல வழவழப்பாக்கிவிட்டால் பெயிண்ட் வழுக்கும். குறைந்தது ஒரு நாளாவது காயவிட்டு ஆயிலைத் தொடங்குங்கள்.

பெயிண்ட் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. 16×20 என்பது சுமார் 2,065 சதுர செ.மீ. சராசரியாக அரை மில்லிமீட்டர் தடிப்பு என்றால் 100 மில்லி பெயிண்ட் ஆகும். பேலட்டில் வீணாவதையும் சேர்த்தால் 120, 130. வானம், கடல், மணல் மூன்றுமே வெள்ளையை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் அதில் பாதிக்கு மேல் வெள்ளைதான். 40 மில்லி டியூபில் வெள்ளை இரண்டு வாங்குங்கள், மற்றவை 9 மில்லியோ 20 மில்லியோ போதும். தொடக்கக்காரர்கள் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் வாங்கி, பாதி மணலில் வெள்ளை தீர்ந்து நிற்பார்கள்.

வான்கோ அந்த ஆண்டு வசந்தத்தில் தியோவிடம் கேட்டு வாங்கிய நிறங்களில் வெள்ளை, குரோம் மஞ்சள், வெரோனீஸ் பச்சை, மரகதப் பச்சை, பிரஷ்ஷியன் நீலம், சிவப்பு லேக் (சாயத்திலிருந்து செய்யும் நிறம்) வகைகள் எல்லாம் உண்டு. இவற்றில் சில இன்று வாங்கக் கிடைக்காது, கிடைத்தாலும் வேண்டாம். வெரோனீஸ் பச்சை ஆர்சனிக் கலந்த செம்புச் சேர்மம். குரோம் மஞ்சளில் ஈயம் இருக்கிறது. ஜெரேனியம் லேக் என்ற ரோஜாச் சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இது அவருக்கே தெரியும். இம்ப்ரெஷனிஸ்டுகள் பிரபலப்படுத்திய நிறங்கள் எல்லாம் நிலையில்லாதவை, காலம் எப்படியும் மங்கவைத்துவிடும், அதனால் மட்டுப்படுத்தாமல் துணிந்து வைக்க வேண்டும் என்று அப்போதே எழுதினார். இன்று நாம் பார்ப்பது 130 ஆண்டு வெளிச்சம் பட்ட படத்தை. ‘1888இல் எப்படி இருந்திருக்கும்’ என்று ஊகித்து நிறத்தை ஏற்றாதீர்கள், இன்று இருப்பதை நகல் எடுங்கள். ஊகத்துக்கு எல்லை கிடையாது.

மாற்றுப் பட்டியல்: வெள்ளைக்கு டைட்டானியம், கிடைத்தால் டைட்டானியம்-ஜிங்க் கலவை. சுத்த டைட்டானியம் பலசாலி, நிறத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். தனி ஜிங்க் ஆயிலில் காலப்போக்கில் நொறுங்கும், அதுவும் வேண்டாம். மஞ்சளுக்குக் கேட்மியம் மஞ்சளும் லெமன் மஞ்சளும். சிவப்புக்குக் கேட்மியம் ரெட் லைட் அல்லது பைரோல் ரெட். ரோஜாவுக்குக் குவினாக்ரிடோன் ரோஸ். கடைக்காரர் ‘கிரிம்சன் லேக்’ எடுத்துக் கொடுத்தால் டியூபின் பின்பக்கம் பாருங்கள், நிறமிக் குறியீடு பிஆர் 83 என்றிருந்தால் அதுவும் வெளுக்கும் ரகம்தான். நீலத்துக்கு அல்ட்ராமரைன் (பிபி 29), கோபால்ட் (பிபி 28), பிரஷ்ஷியன் (பிபி 27). கோபால்ட் விலை அதிகம். டியூபில் ‘ஹியூ’ என்றிருந்தால் பெரும்பாலும் அல்ட்ராமரைனில் வெள்ளை, தாலோ நீலம் கலந்து கொடுப்பது. படிக்கிற காலத்தில் அது போதும், விலையை மட்டும் அசல் கோபால்ட்டுக்குக் கொடுக்காதீர்கள். பச்சைக்கு விரிடியன், தாலோ பச்சை. கூடவே மஞ்சள் ஓக்கர். கறுப்பு வாங்க வேண்டாம்.

வெரோனீஸ் பச்சைக்கு மாற்று: லெமன் மஞ்சள் இரண்டு பங்கு, வெள்ளை மூன்று பங்கு, அதில் தாலோ பச்சை நெல்மணி அளவு. தாலோவை மஞ்சளில் சேர்க்க வேண்டும். தாலோவில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் டியூப் மஞ்சள் முழுவதும் உள்ளே போன பிறகும் பச்சை அப்படியே நிற்கும்.

கோடு போடுவதைப் பென்சிலில் செய்யாதீர்கள். வெளிறிய வானத்துக்கு அடியில் பென்சில் கோடு சாம்பலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். கரியில் போட்டு, துணியால் தட்டி, மிஞ்சிய தடத்தின் மேல் டர்பென்டைனில் கரைத்த அல்ட்ராமரைனால் உருண்டைத் தூரிகையில் திரும்ப இழுங்கள். படகின் வளைவு சரியா என்று பார்க்க ஒரு பழைய வழி: படுக்க வைத்த எட்டின் வடிவம் படகின் மேல் விளிம்புக்குள் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் முன்புறமோ பின்புறமோ முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பாய்மரங்களும் பாய் கட்டும் நீளக் கழிகளும்தான் இந்தப் படத்தில் நகலைக் காட்டிக்கொடுக்கும் இடம். மத்தியத்தரைக் கடலின் முக்கோணப் பாய்க்குக் கழி சாய்ந்து நிற்கும், அதனால் மணலில் நிறுத்திய படகுகளின் மேலே ஒரு சாய்கோட்டுக் காடு. கழியைப் பார்த்து வரையாதீர்கள். இரண்டு கழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வானத்தின் வடிவத்தைப் பார்த்து வரையுங்கள்: இது நெட்டையான முக்கோணம், இது கோணலான நாற்கரம் என்று. அந்தத் துண்டுகள் சரியாக வந்தால் கழிகள் தாமாகச் சரியாகிவிடும். ஸ்கேல் வைத்து இழுக்கவே கூடாது. ஸ்கேல் கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் ஒரே தடிமன். கையால் இழுத்த கழி அடியில் தடித்து நுனியில் மெலியும். தொடுவானம் மட்டும் விதிவிலக்கு. அது அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கடல் ஒழுகிவிடுவதுபோல் தெரியும், இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை இரண்டு அமர்வாகப் பிரியுங்கள். முதல் அமர்வில் வானம், கடல், மணல், படகுகளின் உடம்பு. இரண்டாவதில் கோடுகள், கழிகள், கயிறுகள், எழுத்து. நடுவில் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். நீங்கள் சொன்ன ‘கோடு கலங்குவது’ இந்த இடைவெளியை விடாததால் வருவது. ஈர வெள்ளையின் மேல் கருநீலத்தை இழுத்தால், இரண்டு அங்குலம் போவதற்குள் தூரிகை வெள்ளையை ஏற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். மெல்லிய இடம் நாலைந்து நாளில் காயும். தடிப்பான வெள்ளைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம், மழைக்காலத்தில் இன்னும் கூட. விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

வானத்துக்கு வெள்ளை பத்துப் பங்கு, கோபால்ட் ஒரு பங்கு. மேலே இன்னும் கொஞ்சம் நீலம், தொடுவானத்தை நெருங்க மேலே சொன்ன வெரோனீஸ் மாற்றில் ஒரு துளி. இரண்டு மூன்று குவியலாக முன்பே பேலட் கத்தியால் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். கான்வாஸ் மேல் கலக்கத் தொடங்கினால் வீச்சுகள் எல்லாம் தேய்ந்து சுவர் பெயிண்ட் ஆகிவிடும்.

மணலில் அவசரப்படாதீர்கள். வெள்ளை எட்டுப் பங்கு, ஓக்கர் ஒரு பங்கு, அதன் சூட்டை அடக்க அல்ட்ராமரைனும் ரோஸும் சேர்ந்த ஊதா கத்தி நுனியளவு. இந்த ஒரு குவியலை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் ஓக்கரைக் கூட்டுங்கள், ஒன்றில் ரோஸ், ஒன்றில் பச்சை கலந்த சாம்பல். மூன்றுக்கும் வெளிச்ச அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். குட்டைக் கிடைவீச்சாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், மேலே மேலே அல்ல. இப்படி வைத்தால் தூரத்தில் ஒரே மணலாகவும் கிட்டத்தில் உயிருள்ளதாகவும் தெரியும். பேலட்டில் இந்த மணல் அழுக்காகத்தான் தெரியும். மஞ்சளை இன்னும் போடலாமா என்று கை துடிக்கும். போட வேண்டாம். நீலப் படகுக்குப் பக்கத்தில் அதே அழுக்கு நிறம் வெதுவெதுப்பான மணலாக மாறும். கோப்லன் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் எழுதி வைத்தது இதைத்தான்: ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த்திசைக்குத் தள்ளும். வான்கோ இந்த இணைகளைச் சோதிக்கப் பல நிறக் கம்பளி நூல்களைச் சேர்த்துச் சுற்றிய உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி இன்னும் இருக்கிறது. நம்பிக்கை வராவிட்டால் மணல் கலவையை ஒரு தாள் துண்டில் தடவி, படகின் நீலத்துக்கு அருகே பிடித்துப் பாருங்கள்.

கடல் சேறாவதற்கு இரண்டு காரணம். ஒன்று, நீலமும் பச்சையும் ஊதாவும் ஓக்கரும் எல்லாம் ஒரே தூரிகையில் சந்திப்பது. ஒவ்வொரு நிறக் குடும்பத்துக்கும் ஒரு தூரிகை வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது, ஈரமாக இருக்கும்போது மூன்றாம் தடவை தொடுவது. ஒரு வீச்சு வைத்தால் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மத்தியத்தரைக் கடலின் நிறம் அயிலை மீனின் முதுகு மாதிரி, பச்சையா ஊதாவா நீலமா என்று சொல்வதற்குள் மாறிவிடுகிறது, அடுத்த நொடி ரோஜாவோ சாம்பலோ ஆகிவிடுகிறது என்று வான்கோ தியோவுக்கு எழுதினார். கலவைக்கு இதைவிட நல்ல குறிப்பு தேவையில்லை. தூரத்துக்குக் கோபால்ட் ஒன்று, வெள்ளை இரண்டு. கரையோரத்துக்கு வெள்ளை நான்கு, வெரோனீஸ் மாற்று ஒன்று, கோபால்ட் அரை. இவற்றுக்கு நடுவே அல்ட்ராமரைன்-ரோஸ்-வெள்ளை சேர்ந்த வெளிர் ஊதா அங்கங்கே, மிகச் சிக்கனமாக. அலை நுரைக்கு வெள்ளையைத் தடிப்பாக, எண்ணெய் சேர்க்காமல், கடைசியில். நுரை வீச்சு கரைக்கு இணையாகப் படுக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் மீன் செதில் ஆகிவிடும்.

படகுகளின் இடத்தை வானமும் மணலும் தொடாமல் வெள்ளையாகவே விட்டிருப்பீர்கள். பிரஷ்ஷியனும் விரிடியனும் ஒளி ஊடுருவும் நிறங்கள், அடியில் மணல் பூச்சு இருந்தால் செத்துப்போகும். வெள்ளைக் கான்வாஸ் மேல் வைத்தால்தான் ஒளிரும். சிவப்பு கிட்டத்தட்ட டியூபிலிருந்து அப்படியே. நீலத்துக்குக் கோபால்ட்டில் கொஞ்சம் வெள்ளை. பச்சைக்கு விரிடியனில் வெள்ளையும் துளி மஞ்சளும். படகின் வளைவைக் காட்ட ஒரு பக்கத்தை இருட்டாக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். வளைவைக் கோடும் பட்டைகளும் காட்டும். சிவப்பும் பச்சையும் ஒரே வெளிச்ச அளவில் ஒட்டினால் ஓரம் கண்ணில் துடிக்கும், நிலையாக நிற்காது. நடுவில் ஓடும் கருங்கோடு அந்தத் துடிப்பைக் கட்டிப்போடுகிறது. அதனால் முதல் அமர்வில் இரண்டு நிறத்தையும் முட்ட விடாமல், ஒரு மில்லிமீட்டர் வெறும் கான்வாஸ் விட்டு வையுங்கள். கோடு அங்கே உட்காரும்.

முதல் அமர்வு முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக்கி, மூலத்தையும் அப்படியே மாற்றிப் பக்கத்தில் வையுங்கள். வானமும் மணலும் வெளுப்பாக, படகுகள் நடுத்தரமாகப் பிரிந்து தெரிய வேண்டும். மணலும் படகும் ஒரே சாம்பலில் கலந்திருந்தால் மணல் இருட்டாகிவிட்டது என்று பொருள். மூலத்தின் டிஜிட்டல் படத்தை வான்கோ அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். போஸ்டர் தளங்களில் கிடைப்பவை நிறம் ஏற்றியவை; அவற்றைப் பார்த்து வரைந்தால் முதலில் சொன்ன காலண்டர் வியாதி நிச்சயம்.

இரண்டாம் அமர்வில் கோட்டு நிறம்: பிரஷ்ஷியன் நீலம் மூன்று பங்கு, ரோஸ் ஒரு பங்கு. சுத்தக் கறுப்பு வெளிறிய மணலின் மேல் ஓட்டை மாதிரித் தெரியும். லின்சீட் எண்ணெய் ஓரிரு சொட்டு சேர்த்து, தேன் பதத்துக்கு இளக்குங்கள். அடிப் பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருப்பதுதான் முறை. தலைகீழானால் மேல் பூச்சு வெடிக்கும். கழி ஒவ்வொன்றையும் ஒரே இழுப்பில், தோளிலிருந்து. கை நடுங்கினால் கான்வாஸைத் தலைகீழாகத் திருப்பி, உங்களை நோக்கி இழுங்கள். இழுப்பின் நடுவே பெயிண்ட் தீர்ந்து கோடு உலர்ந்து கிழிந்தால் திருத்தாதீர்கள். நாணல் பேனாவின் மை தீரும்போது வரும் கோடும் அப்படித்தான் இருக்கும், இந்தப் படத்தின் தாய் அந்தப் பேனாக் கோடு.

முன்னால் நிற்கும் படகில் ‘அமிட்டியே’ என்று அதன் பெயர், பிரெஞ்சில் ஆறு எழுத்து. 1ஆம் எண் தூரிகையில், படகின் வளைவோடு வளைந்து வர வேண்டும். நேர்க்கோட்டில் போர்டு எழுத்தாக எழுதினால் படகு தட்டையாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று. சிலர் செலவைக் குறைக்க மண்ணெண்ணெயில் பெயிண்டைக் கரைக்கிறார்கள். அது முழுதாக ஆவியாகாது, பிசுக்கு விட்டுவிட்டுப் போகும், பூச்சு மாதக் கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஹார்டுவேர் கடை டர்பென்டைன் தூரிகை கழுவ மட்டும். பெயிண்டில் சேர்க்க ஓவியக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்தது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அக்ரிலிக்கில்தான் செய்வேன் என்றால் செய்யலாம், கோட்டு வேலைக்கு அது வசதியும்கூட. அடிப் பூச்சு அரை மணியில் காய்ந்துவிடும், கோடு கலங்கும் பேச்சே இல்லை. ஆனால் காய்ந்தால் ஒரு படி இருளும், அதனால் மணலையும் வானத்தையும் நினைப்பதைவிட வெளுப்பாகக் கலக்க வேண்டும். தடிப்புக்கு ஹெவி ஜெல் மீடியம் சேருங்கள். தண்ணீர் சேர்த்தால் வீச்சின் தடம் படுத்துவிடும்.

முடிந்த படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி இருட்டில் வைத்தால் லின்சீட் எண்ணெய் மஞ்சளிக்கும், உங்கள் வெள்ளை வானம்தான் முதலில் பலியாகும். வெளிச்சமான அறையில், நேர் வெயில் படாமல், பின்பக்கம் காற்றாடும்படி நிறுத்துங்கள். ஈரச் சுவரில் ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் கான்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம், நுரையைத் தடிப்பாக வைத்திருந்தால் ஒரு வருஷம் பொறுங்கள்.

விற்கலாமா என்று சிலர் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வான்கோ இறந்தது 1890இல், படத்துக்குக் காப்புரிமை கிடையாது. நகலை நகல் என்று சொல்லி விற்பதில் தடையில்லை. மூலத்தின் அளவிலிருந்து மாறுபட்ட அளவில் செய்வது நல்ல வழக்கம், உங்கள் 16×20 அதற்கும் சரியாகிவிடுகிறது. ‘வின்சென்ட்’ என்று கையெழுத்தை மட்டும் போடாதீர்கள். பின்பக்கம், மரச்சட்டத்தின் மேல், ‘வான்கோவின் 1888 ஓவியத்தைப் பார்த்து’ என்றும், உங்கள் பெயர், ஆண்டு, பயன்படுத்திய பெயிண்ட், வார்னிஷ் வகை ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். கான்வாஸ் துணியின் மேல் பேனாவால் எழுத வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்.